கையில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பு காசநோயைத் தாண்டியும் காக்குமா? உடம்பின் ‘வாட்ச்மேன்’ செல்களுக்கு ஞாபகசக்தி இருப்பது எப்படித் தெரிந்தது?

உங்கள் இடது கை சட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள். தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருக்கிறதா? நீங்கள் பிறந்த சில நாட்களில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம் அது. (பாட்டி, தாத்தா கையில் அதைவிடப் பெரிய தழும்பு இருந்தால், அது அந்தக் காலத்தில் பெரியம்மைக்காகக் குத்தியதாக இருக்கலாம். அது வேற கதை.)

2020 மார்ச், ஏப்ரலில் இந்தத் தழும்புக்கு திடீர் மவுசு வந்தது. அப்போது நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. லாக்டவுனில் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா ஒரு மெசேஜை ஃபார்வர்ட் செய்தார். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் எல்லாருக்கும் பி.சி.ஜி. போடும் வழக்கம் இல்லை, அதனால்தான் அங்கே இத்தனை சாவு, நமக்கு ஒன்றும் ஆகாது என்பது அதன் சாராம்சம். எங்கள் வீட்டில் எல்லாரும் சட்டையைத் தூக்கித் தழும்பைத் தேடினோம். அம்மாவுக்கு மட்டும் தழும்பு இல்லை. அன்றைக்கு முழுக்க அம்மா முகமே சரியில்லை.

அடுத்த வருடமே டெல்டா அலை வந்தது. ‘ஒன்றும் ஆகாது’ என்பதன் கதி என்ன ஆனது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த மெசேஜ் முழுக்க முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. அதற்குப் பின்னால் நிஜமான ஓர் அறிவியல் இருந்தது. இன்றைக்கும் பல நாட்டு ஆய்வகங்களில் அந்த வேலை நடக்கிறது. அதில் எது உறுதியானது, எது வெறும் ஆசை, எது ஆபத்து என்று பார்ப்போம்.

வாட்ச்மேனும் போலீஸும்

நம் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியில் இரண்டு அணிகள் இருக்கின்றன. முதல் அணி பிறக்கும்போதே கூட வருவது. மோனோசைட், மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில், என்.கே. செல் என்று இதில் பல வகை வெள்ளை அணுக்கள். கிருமி உள்ளே நுழைந்த சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். இதை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவன் யார், பேர் என்ன என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். ஆள் சரியில்லை என்று பட்டால் தடியைத் தூக்கிவிடுவார்.

இரண்டாவது அணி, பி செல்களும் டி செல்களும். இவர்கள் போலீஸ். வருவதற்குச் சில நாட்கள் ஆகும். ஆனால் வந்துவிட்டால் குற்றவாளியின் கைரேகை, போட்டோ எல்லாம் எடுத்து ஃபைல் போட்டுவிடுவார்கள். அதே ஆள் இருபது வருடம் கழித்து வந்தாலும் பிடிபடுவான். ஒருமுறை தட்டம்மை வந்தவருக்குப் பொதுவாக மறுபடி வராததற்கு இதுதான் காரணம். பெரும்பாலான தடுப்பூசிகள் இந்த ஃபைலை முன்கூட்டியே போட்டு வைப்பதை நம்பித்தான் இருக்கின்றன.

ஞாபகசக்தி போலீஸுக்கு மட்டும்தான், வாட்ச்மேனுக்குக் கிடையாது என்றுதான் பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. நேற்று திருடன் வந்தாலும், இன்று காலை அவர் புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர் மாதிரிதான் இருப்பார் என்று.

அதான் இல்லை என்கிறது இந்தப் புது அறிவியல்.

திருடனின் முகம் வாட்ச்மேனுக்கு ஞாபகம் இருக்காது, உண்மைதான். ஆனால் ஒரு ராத்திரி திருட்டு நடந்த பிறகு அவர் பழைய ஆள் இல்லை. நாற்காலியை கேட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். லைட்டை அணைக்க மாட்டார். தடி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அடுத்து வருவது அதே திருடனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. யார் வந்தாலும் முன்பைவிட வேகமாக எழுந்திருப்பார். ஆளை நினைவில் வைக்கும் ஞாபகம் வேறு, உஷாராக இருக்கும் ஞாபகம் வேறு. இரண்டாவது வகைக்கு 2011-ல் நெதர்லாந்தின் நைமெகன் நகரில் இருக்கும் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹாய் நெட்டேயாவும் அவரது சகாக்களும் ஒரு பெயர் வைத்தார்கள்: ‘ட்ரெய்ன்டு இம்யூனிட்டி’. தமிழில் ‘பயிற்சி பெற்ற எதிர்ப்பு சக்தி’ என்று சொல்லலாம்.

பெயர்தான் புதுசு. சந்தேகம் பழசு.

90 வருடத்துக்கு முந்தைய சந்தேகம்

பி.சி.ஜி.யை உருவாக்கியவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரின் என்ற இருவர். மாடுகளுக்குக் காசநோய் தரும் பாக்டீரியாவை 1908 முதல் 13 வருடம், 230 முறை, ஒரு ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். பி.சி.ஜி. என்ற பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் இவர்கள் இருவரும்தான். 1921-ல் பாரிஸில் முதல் குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது. அப்போது ஊசி கிடையாது, வாய்வழி மருந்து.

சில வருடங்களில் வடக்கு ஸ்வீடனில் கார்ல் நாஸ்லண்ட் என்ற மருத்துவர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். பி.சி.ஜி. பெற்ற குழந்தைகளின் முதல் வருட இறப்பு, பெறாத குழந்தைகளுடையதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. காசநோய் குறைந்ததால் மட்டும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வராதே? அந்தச் சின்ன வயதில் குழந்தைகளைக் கொன்றது பெரும்பாலும் வேறு தொற்றுகள். காசநோய் மருந்து மற்ற நோய்களையும் தடுக்கிறதோ என்று அவர் 1932-லேயே எழுதினார்.

இந்த இடத்தில் ஒரு ‘ஆனால்’ வருகிறது. இந்தக் கட்டுரை முழுக்க அது வந்துகொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாஸ்லண்ட் குலுக்கல் முறையில் குழந்தைகளைப் பிரிக்கவில்லை. மருந்து கொடுக்கச் சம்மதித்த பெற்றோர் பொதுவாகவே குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்பவர்களாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் காப்பாற்றியது மருந்தா, வளர்ப்பா?

இந்தக் கேள்வியைச் சரியாகச் சோதித்தது டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் ஆபியின் குழு. 1978 முதல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிஸாவ் நாட்டில் வீடு வீடாகக் குழந்தைகளின் பிறப்பு, இறப்பு, தடுப்பூசிக் கணக்கை எடுத்துவரும் குழு இது. அந்த நாட்டில் எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு பி.சி.ஜி.யைத் தள்ளிப்போடும் வழக்கம் இருந்தது. அதனால் குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்குப் பிறந்தவுடனும் மீதிப் பேருக்கு வழக்கம்போலப் பின்னாலும் ஊசி போட்டுப் பார்க்க முடிந்தது. யாருக்கும் ஊசி மறுக்கப்படவில்லை. அப்படி நடந்த மூன்று சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சீக்கிரம் ஊசி பெற்ற குழந்தைகளிடம் முதல் மாத இறப்பு 38% குறைவாக இருந்தது. ரத்தத்தில் பரவும் தொற்றும் நுரையீரல் தொற்றும் குறைந்தன.

ஒரு மாதக் குழந்தை காசநோயால் சாவது அபூர்வம். அப்போது அந்த ஊசி வேறு எதையோ செய்திருக்கிறது.

‘கன்ட்ரோல்’ கிருமிகள் காட்டிக்கொடுத்த ரகசியம்

அந்த ‘வேறு எது’ என்பது ஆய்வகத்தில் தெரிந்தது 2012-ல். நெட்டேயாவின் குழு ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு பி.சி.ஜி. போட்டு, ஊசிக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தது. ரத்தத்தில் இருந்த செல்களைக் காசநோய்க் கிருமியோடு மட்டுமல்ல, ஒப்பீட்டுக்காகச் சம்பந்தமே இல்லாத வேறு கிருமிகளோடும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்று, தோலில் சீழ் கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ். இன்னொன்று, குழந்தைகள் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, அந்த கேண்டிடா பூஞ்சை.

சம்பந்தமில்லாத இந்தக் கிருமிகளுக்கும் மோனோசைட்டுகள் முன்பைவிட இரண்டு மடங்கு எச்சரிக்கை ரசாயனங்களை வெளியிட்டன. குறைந்தது மூன்று மாதம் அந்த உஷார் நிலை நீடித்தது. இது போலீஸ் அணியின் வேலையாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் அதே ஆய்வு தீர்த்தது. டி, பி செல்கள் இரண்டுமே இல்லாத எலிகளுக்கு பி.சி.ஜி. கொடுத்து, பிறகு கேண்டிடா தொற்றை உண்டாக்கினார்கள். அப்போதும் பாதுகாப்பு கிடைத்தது. ஸ்டேஷனில் ஆளே இல்லாத ஊரில் வாட்ச்மேன் தனியாகச் சமாளித்த மாதிரி.

எலியில் வேலை செய்வதெல்லாம் மனிதனில் வேலை செய்துவிடாது. அதனால் 2018-ல் அதே குழு மனிதர்களிடம் ஒரு புத்திசாலித்தனமான சோதனை செய்தது. 30 தன்னார்வலர்கள், பாதிப் பேருக்கு பி.சி.ஜி., பாதிப் பேருக்கு வெறும் ஊசி. ஒரு மாதம் கழித்து எல்லாருக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது நம்ம ஊர் மஞ்சள் காமாலை இல்லை, கொசு மூலம் பரவும் வேறு நோய். அந்தத் தடுப்பூசியில் உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ் இருக்கும். போட்டுக்கொண்டவர் ரத்தத்தில் சில நாட்கள் அதைப் பார்க்கலாம். பி.சி.ஜி. போட்டவர்களிடம் அந்த வைரஸின் அளவு குறைவாக இருந்தது. ஒரு பாக்டீரியா ஊசி ஒரு வைரஸை அடக்கியதை மனித உடம்பிலேயே நேரடியாகக் காட்டிய சோதனை இது.

சரி, செல்லுக்குள் என்ன நடக்கிறது?

உங்கள் வீட்டு பீரோவை நினைத்துப் பாருங்கள். எல்லாத் துணியும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் பட்டுப்புடவை அடித்தட்டில், மூட்டை கட்டி, மேலே நாலு பெட்ஷீட் வைத்து அழுத்தியிருக்கும். அவசரத்துக்கு எடுக்க நேரமாகும். ஒரு கல்யாணத்துக்கு எடுத்துக் கட்டினால், அப்புறம் சில மாதம் அது மேல்தட்டிலேயே கிடக்கும். அடுத்த விசேஷத்துக்குச் சட்டென்று எடுத்துவிடலாம்.

நம் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் நூல் மாதிரி அது சுற்றப்பட்டிருக்கும். இறுக்கமாகச் சுற்றிய பகுதியில் இருக்கும் ஜீன்களைச் செல்லால் உடனே படிக்க முடியாது. ஒரு தொற்றோ பி.சி.ஜி.யோ வந்தால், சண்டைக்குத் தேவையான ஜீன்கள் இருக்கும் இடத்தில் சுற்று தளர்கிறது. அந்த ஹிஸ்டோன்களில் சில ரசாயன அடையாளங்கள் ஒட்டிக்கொள்கின்றன. சண்டை முடிந்த பிறகும் அந்த அடையாளங்கள் முழுக்கப் போவதில்லை. பட்டுப்புடவை மேல்தட்டிலேயே இருக்கிறது.

கவனிக்க: டி.என்.ஏ. எழுத்துகள் மாறுவதில்லை. அடுக்கி வைத்திருக்கும் விதம்தான் மாறுகிறது. ‘தடுப்பூசி டி.என்.ஏ.வை மாற்றிவிடும்’ என்று யாராவது இதை வைத்து வீடியோ போட்டால் நம்பாதீர்கள். ஜலதோஷம் பிடித்தாலும் வெயிலில் நின்றாலும் செல்களில் இந்த மாதிரி அடுக்கு மாறிக்கொண்டேதான் இருக்கும்.

கூடவே செல்லின் சாப்பாட்டு முறையும் மாறுகிறது. பயிற்சி பெற்ற செல், குளுக்கோஸை நிதானமாக எரிப்பதை விட்டுவிட்டு வேகமாக எரிக்கும் வழிக்கு மாறுகிறது. சண்டைக்குத் தயாராக இருப்பது செலவு பிடித்த வேலை, அதற்கான எரிபொருள் ஏற்பாடு அது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். மோனோசைட்டின் ஆயுள் ரத்தத்தில் சில நாட்கள்தான். பயிற்சி பெற்ற வாட்ச்மேன் அடுத்த வாரமே இறந்துபோனால், மூன்று மாதம் கழித்தும் உஷாராக இருப்பது யார்?

விடை எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. ரத்த செல்கள் எல்லாம் அங்கே இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்துதான் பிறக்கின்றன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாசியார் டிவங்காஹியின் குழு 2018-ல் எலிகளிடம் காட்டியது இதுதான்: பி.சி.ஜி. அந்தத் தாய்ச் செல்களையே மாற்றுகிறது. பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் உஷாராகவே பிறக்கின்றன. வாட்ச்மேனுக்கு ட்ரெயினிங் கொடுப்பதை விட்டுவிட்டு, வாட்ச்மேன்களை அனுப்பும் ஏஜென்சிக்கே ட்ரெயினிங் கொடுத்த மாதிரி. இரண்டு வருடத்தில், பி.சி.ஜி. போட்ட மனிதர்களின் எலும்பு மஜ்ஜையிலும் இதற்கான தடயம் கிடைத்தது.

(ஒரு துணைத் தகவல். ஆன்டிபாடியே இல்லாத செடிகளிலும் இதுபோல ஒன்று உண்டு. புகையிலைச் செடியின் ஓர் இலையில் வைரஸ் தாக்கினால், தொடாத மற்ற இலைகளும் எதிர்ப்பு பெறுவது 1961-லேயே பதிவாகியிருக்கிறது. பிழைக்க ஞாபகம் தேவை என்பது பி செல், டி செல் வருவதற்கு வெகு முந்தைய சங்கதி போல.)

அப்போ கொரோனாவில் ஏன் காப்பாற்றவில்லை?

பெரியப்பாவின் மெசேஜுக்கு வருவோம். நாடுகளை ஒப்பிட்டு வந்த அந்த முதல் ஆய்வுகளில் ஓட்டை பெரிசு. இத்தாலியில் வயதானவர்கள் அதிகம். டெஸ்ட் எடுக்கும் அளவு நாட்டுக்கு நாடு வேறு. தொற்று நுழைந்த தேதியும் வேறு. 2020 ஏப்ரல் 12-ம் தேதியே உலக சுகாதார நிறுவனம், பி.சி.ஜி. கொரோனாவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அதற்காகப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை என்று தெளிவாக அறிவித்தது. அந்த அறிவிப்பு எங்கள் குரூப்புக்கு வரவில்லை. ஃபார்வர்ட் ஆவது எப்போதுமே முதல் செய்திதான், திருத்தம் இல்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு அதை தினமும் பார்க்கிறேன்.

ஆனால் சோதித்துப் பார்க்கத் தகுந்த யோசனை அது. சோதித்தார்கள். கிரீஸில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் 198 முதியவர்களிடம் கொரோனாவுக்கு முன்பே தொடங்கிய ஒரு சோதனை நம்பிக்கை கொடுத்தது. பின்னர் ஏதாவது ஒரு தொற்று வந்தவர்கள், வெறும் ஊசி பெற்றவர்களில் 42.3%, பி.சி.ஜி. பெற்றவர்களில் 25%. குறிப்பாக நுரையீரல் தொற்று குறைந்தது.

பெரிய பரீட்சை, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து நடத்தப்பட்ட ‘பிரேஸ்’ சோதனை. ஐந்து நாடுகள், 3,988 சுகாதாரப் பணியாளர்கள். முடிவு 2023-ல் வெளியானது. ஆறு மாதத்தில் அறிகுறியோடு கொரோனா வந்தது பி.சி.ஜி. பெற்றவர்களில் 14.7% பேருக்கு, பெறாதவர்களில் 12.3% பேருக்கு. அதாவது பாதுகாப்பு இல்லை. பி.சி.ஜி. பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதும் தற்செயலுக்குள் அடங்கும் வித்தியாசம்தான்.

நம்ம சென்னையிலும் இதில் ஒரு பங்கு உண்டு. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2020-ல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு பி.சி.ஜி. போட்டுப் பார்த்தது. ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்தபோது, அழற்சியைத் தூண்டும் பல ரசாயனங்கள் கூடவில்லை, குறைந்திருந்தன. வாட்ச்மேன் உஷாரானால் சத்தம் அதிகமாகும் என்று எதிர்பார்த்த இடத்தில், வீணாகக் கத்துவது குறைந்திருக்கிறது. வயதானவர்களுக்குக் காரணமே இல்லாமல் உடம்பில் மெல்லிய அழற்சி ஓடிக்கொண்டே இருக்கும், அதை பி.சி.ஜி. தணிக்கிறதோ என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கு இந்த முடிவுதான் மற்ற எல்லாவற்றையும்விடச் சுவாரஸ்யமாகப் பட்டது. ‘கூட்டினால் நல்லது’ என்ற ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ விளம்பரக் கணக்கு உடம்புக்குப் பொருந்தாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

செங்கல்பட்டு கற்றுத்தந்த பாடம்

பி.சி.ஜி. ஊருக்கு ஊர் வேறு மாதிரி வேலை செய்யும் என்பதை உலகத்துக்குச் சொன்னதே தமிழ்நாடுதான். 1948-லேயே கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் தொடங்கிவிட்டது. 1955-ல் ராஜாஜி இந்த ஊசியை எதிர்த்துத் தனிப் புத்தகமே போட்டார் என்பது பலருக்குத் தெரியாது. 1968-ல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பிரம்மாண்டமான சோதனை ஆரம்பித்தது. சுமார் 2.8 லட்சம் பேருக்கு பி.சி.ஜி. அல்லது வெறும் ஊசி போட்டு, 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் பிரமாதமாக வேலை செய்த அதே ஊசி.

மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்களோடு நம் உடம்பு சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது, அதனால் ஊசி புதிதாகச் சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

பயிற்சி பெற்ற எதிர்ப்பு சக்திக்கும் இதே சிக்கல் வரலாம். டென்மார்க்கில் 4,200-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளிடம் சோதித்தபோது, பி.சி.ஜி.யால் ஆஸ்பத்திரி சேர்க்கை குறையவில்லை. இந்தியாவில் எடை குறைந்த குழந்தைகளிடம், இங்கே புழக்கத்தில் இருக்கும் ரஷ்ய வகை பி.சி.ஜி.யை வைத்து நடந்த சோதனையிலும் முதல் மாத இறப்பு குறையவில்லை. கினி பிஸாவில் பயன்படுத்தியது டென்மார்க் வகை. எல்லாவற்றுக்கும் பெயர் பி.சி.ஜி.தான். ஆனால் நூறு வருடமாக வெவ்வேறு ஆய்வகங்களில் தனித்தனியாக வளர்ந்து, ஒரே விதையிலிருந்து வந்த வேறு வேறு ரகங்கள் ஆகிவிட்டன. வகைதான் காரணமா, மற்ற தொற்றுகள் எவ்வளவு இருக்கும் ஊர் என்பது காரணமா என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபி குழுவின் முடிவுகளையே எல்லா நிபுணர்களும் அப்படியே ஏற்பதில்லை.

வாட்ச்மேன் வீட்டுக்காரரையே அடித்தால்?

பலரும் பேசாத பகுதி இது. உஷார் நிலை அடங்காமல் போனால் என்ன ஆகும்?

ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளுக்கு நான்கு வாரம் கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த மேற்கத்திய சாப்பாடு கொடுத்தார்கள். ரத்தத்தில் அழற்சி ஏறியது. மறுபடி சாதாரண உணவுக்கு மாற்றியதும் அழற்சி இறங்கியது. கதை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் எலும்பு மஜ்ஜைச் செல்கள் உஷார் நிலையிலேயே நின்றுவிட்டன. அடுத்த முறை சின்னத் தூண்டுதல் வந்தாலும் அளவுக்கு மீறிக் கொதித்தன. உடம்பு மோசமான சாப்பாட்டைக் கிருமித் தாக்குதல் மாதிரி எடுத்துக்கொண்டு, அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டது.

கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது, அதுவும் மோனோசைட்டுகளை இப்படிப் பயிற்றுவிக்கிறது. ரத்தக் குழாய் அடைப்பில் இந்தச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மாரடைப்புக்கும் இந்த ஞாபகத்துக்கும் தொடர்பு தேடும் ஆராய்ச்சி இப்போது சூடாக நடப்பது அதனால்தான். 2022-ல் வந்த இன்னொரு எலி ஆய்வில், ஈறு நோய் இருந்த எலியின் எலும்பு மஜ்ஜையை ஆரோக்கியமான எலிக்கு மாற்றினார்கள். அந்த எலிக்கு மூட்டு வீக்கம் மோசமானது. வாயில் ஆரம்பித்த பிரச்சினையின் ஞாபகம், எலும்பு வழியாக மூட்டுக்குப் போயிருக்கிறது.

ஆகவே மருத்துவத்தில் இதற்கு இரண்டு திசையிலும் வேலை இருக்கிறது. சிலருக்கு வாட்ச்மேனை எழுப்ப வேண்டும், சிலருக்குத் தூங்க வைக்க வேண்டும்.

இன்றைக்கே கையில் இருக்கும் சிகிச்சை எது?

எழுப்பும் பக்கத்தில், பலருக்கும் தெரியாத ஓர் உதாரணம் ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. சிறுநீர்ப்பையின் உள்சுவரோடு நிற்கும் ஆரம்பக்கட்டப் புற்றுநோய்க்கு, கட்டியை அகற்றிய பிறகு பி.சி.ஜி. கரைசலை குழாய் வழியாகப் பைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். வாரம் ஒரு முறை, ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் வைத்திருக்க வேண்டும். கனடாவில் ஆல்வரோ மொராலெஸ் 1976-ல் ஒன்பது நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டதில் இது தொடங்கியது. அமெரிக்கா 1990-ல் அனுமதி கொடுத்தது. புற்றுநோய் திரும்பி வருவதை இது குறைக்கிறது. இதில் வாட்ச்மேன் அணியின் பங்கு எவ்வளவு, டி செல்களின் பங்கு எவ்வளவு என்று முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

அடுத்தது குழந்தைகளின் மூச்சிரைப்பு. அடிக்கடி இழுப்பு வரும் மூன்று வயதுக்குட்பட்ட 120 குழந்தைகளிடம் ஸ்பெயினில் ஒரு சோதனை நடந்தது. செயலிழக்கச் செய்த பாக்டீரியாக்கள் கலந்த எம்.வி.130 என்ற மருந்தை நாக்குக்கு அடியில் தெளித்தார்கள். இழுப்பு வரும் எண்ணிக்கை சுமார் 40% குறைந்தது. ஆன்டிபயாடிக் இல்லாமல் இது நடந்தது என்பதுதான் விசேஷம்.

செப்சிஸ் என்ற கடும் ரத்தத் தொற்றிலும் ஆசை இருக்கிறது. அந்த நோயாளிகளில் பலர் முதல் தாக்குதலில் பிழைத்து, பிறகு வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோய் இரண்டாவது தொற்றில் விழுகிறார்கள். ஈஸ்ட்டின் செல் சுவரில் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற பொருள், அப்படிச் சோர்ந்த மோனோசைட்டுகளை ஆய்வகக் கிண்ணத்தில் மறுபடி எழுப்பியிருக்கிறது. நோயாளியின் உடம்பில் இதைச் செய்யும் மருந்து இன்னும் வரவில்லை. உடனே காளான் பவுடரும் ஈஸ்ட் மாத்திரையும் ஆர்டர் போட வேண்டாம். நெதர்லாந்தில் ஆரோக்கியமானவர்களுக்கு இதையே ஒரு வாரம் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில், வெள்ளை அணுக்களிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. வயிற்றுக்குள் போவது ரத்தத்துக்கு அநேகமாக வருவதே இல்லை.

தூங்க வைக்கும் பக்கத்தில், உறுப்பு மாற்று சிகிச்சை முக்கியம். மாற்று இதயமோ சிறுநீரகமோ பெற்றவர்கள் ஆயுள் முழுக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், அதனால் சாதாரணத் தொற்றுக்குக்கூடப் பயந்தே வாழ வேண்டும். 2018-ல் எலிகளிடம், பயிற்சியைத் தடுக்கும் மருந்தை நுண்துகள்களில் ஏற்றி நேராக எலும்பு மஜ்ஜைச் செல்களுக்கும் மோனோசைட் வகைச் செல்களுக்கும் அனுப்பினார்கள். கொஞ்ச நாள் மட்டுமே கொடுத்தும், மாற்று இதயங்கள் நீண்ட காலம் ஒத்துக்கொள்ளப்பட்டன. மனிதர்களுக்கு வர நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் எனக்கு மிகவும் நிஜமான நம்பிக்கையாகத் தெரிவது இதுதான்.

இன்னொரு முறை பி.சி.ஜி. போட்டுக்கொள்ளலாமா?

பொது எதிர்ப்பு சக்திக்காக என்றால், வேண்டாம். அதற்கான பரிந்துரை எங்கும் இல்லை. இந்த உஷார் நிலை மனிதர்களிடம் சில மாதங்கள், அதிகபட்சமாக ஒரு வருடம் வரை பார்க்கப்பட்டிருக்கிறது. பிறந்தபோது போட்டது இருபது, முப்பது வயதில் இந்த வகையில் காக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதோடு பி.சி.ஜி.யில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அது பாதுகாப்பானதும் அல்ல.

குழந்தைக்கு? கண்டிப்பாக, பிறந்தவுடன். அது காசநோய்க்காக, குறிப்பாக மூளைக்காய்ச்சல் மாதிரியான கொடிய வகைகளைத் தடுக்க. நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையிலேயே இருக்கிறது. தவறவிட்டிருந்தால் ஒரு வயதுக்குள் போடலாம்.

போட்ட இடத்தில் தழும்பே வரவில்லை என்றால்? கினி பிஸாவில் தழும்பு வந்த குழந்தைகள், ஊசி போட்டும் தழும்பு வராத குழந்தைகளைவிட நன்றாகப் பிழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் தழும்பு இல்லை என்பதற்காக மறுபடி ஊசி போடத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. இதை எழுதும்போது அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். “அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல” என்றார்.